அடுத்த மேஜையில் உள்ள பைல் உங்கள் திரைக்கு வருவது எப்படி?

எனக்குத் தெரிந்த ஒரு பேப்பர் மொத்த வியாபார அலுவலகத்தில் ஐந்து கம்ப்யூட்டர்கள் உண்டு. போனில் வரும் ஆர்டர்களை நோட்பேட் பைல் ஒன்றில் வரிசையாக டைப் செய்து வைப்பார்கள். அந்த பைல் கணக்காளரின் கம்ப்யூட்டரில் ஒரு போல்டரில் இருந்தது. அந்த போல்டரை ஷேர் செய்திருந்ததால், மற்ற மேஜைகளில் இருந்தும் அதைத் திறந்து எழுத முடிந்தது.

பல ஆண்டுகளாக ஒருவர் மட்டுமே ஆர்டர் எடுத்து வந்தார். வேலை கூடியதால் புதிதாக ஒரு பெண்ணைச் சேர்த்தார்கள். அவர் வந்த முதல் வாரத்திலேயே மூன்று ஆர்டர்கள் காணாமல் போயின. மூன்றும் அவர் எழுதியவை. "சார், நான் டைப் செய்து சேவ் செய்துவிட்டுத்தான் பைலை மூடினேன்" என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. எழுத மறந்திருப்பார், அல்லது தெரியாமல் அழித்திருப்பார் என்றே முடிவு செய்தார்கள். அவருடைய வேலைக்கே ஆபத்து வந்த நிலையில்தான் என்னை அழைத்துப் பார்க்கச் சொன்னார்கள்.

அந்தப் பெண் சொன்னது உண்மை. ஆர்டர்கள் எப்படிக் காணாமல் போயின என்பதைத் தெரிந்து கொள்ள வேண்டுமானால், நெட்வொர்க்கில் ஒரு பைல் எப்படித் திறக்கப்படுகிறது என்பதை முதலில் தெரிந்து கொள்ள வேண்டும். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, வீட்டிலோ கடையிலோ இரண்டாவது கம்ப்யூட்டருடன் இணைக்கப் போகிறவர்கள் அனைவருக்கும் இது தேவைப்படும்.

பைல் எங்கே இருக்கிறது?

நெட்வொர்க்கில் உள்ள ஒரு போல்டரைத் திறந்தால், அதில் உள்ள பைல்கள் நம் கம்ப்யூட்டரில் இருப்பது போலவே தெரிகின்றன. அதே மஞ்சள் நிற போல்டர், அதே ஐகான்கள். டபுள் கிளிக் செய்தால் பைலும் திறக்கிறது. ஆனால் அந்த பைல் நம் கம்ப்யூட்டரில் இல்லை. அது இன்னொரு கம்ப்யூட்டரின் டிஸ்க்கில்தான் இருக்கிறது. நம் கம்ப்யூட்டர் அதனிடம் கேட்கிறது. அது பதில் தருகிறது. அவ்வளவுதான்.

நூலகத்தில் வெளியே எடுத்துச் செல்லக் கூடாத புத்தகங்கள் இருக்கும் அல்லவா? நூலகரிடம் கேட்டால் வேண்டிய பக்கத்தை மட்டும் எடுத்துக் காட்டுவார். புத்தகம் அவர் பொறுப்பில்தான் இருக்கும். நெட்வொர்க் பைலும் அப்படித்தான். பைலை வைத்திருந்து தருகிற கம்ப்யூட்டருக்கு சர்வர் என்று பெயர். கேட்கிற கம்ப்யூட்டருக்கு கிளையண்ட் என்று பெயர். சர்வர் என்றதும் குளிரூட்டிய அறையில் நிற்கும் பெரிய இயந்திரம் என்று நினைக்க வேண்டாம். நான் சொன்ன அலுவலகத்தில் கணக்காளரின் மேஜையில் இருந்த சாதாரண கம்ப்யூட்டர்தான் சர்வர். ஒரே கம்ப்யூட்டர் ஒரு வேலைக்கு சர்வராகவும், இன்னொரு வேலைக்கு கிளையண்டாகவும் இருக்கலாம்.

இருவர் பேசிக்கொள்ள ஒரு பொது மொழி வேண்டும். எதை எந்த வரிசையில் கேட்க வேண்டும், அதற்கு எப்படிப் பதில் தர வேண்டும் என்ற விதிமுறைகளின் தொகுப்பையே புரோட்டோகால் என்கிறோம். விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் பைல்களைப் பகிர்ந்துகொள்ளப் பயன்படுத்தும் புரோட்டோகாலின் பெயர் சர்வர் மெசேஜ் பிளாக். சுருக்கமாக எஸ்எம்பி.

எஸ்எம்பி வந்த கதை

இது 1980களின் தொடக்கத்தில் ஐபிஎம் நிறுவனத்தில் பேரி ஃபைகன்பாம் என்பவரால் உருவாக்கப்பட்டது. பின்னர் மைக்ரோசாப்ட் இதனை எடுத்து வளர்த்து, தன் விண்டோஸ் சிஸ்டத்தில் இணைத்தது. 1996ல் இதன் ஒரு வடிவத்திற்கு சிஐஎப்எஸ் என்று பெயரிட்டது. இன்றும் சில மெனுக்களில் அந்தப் பெயரைக் காணலாம்.

யூனிக்ஸ் உலகில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984ல் வெளியிட்ட என்எப்எஸ் என்ற புரோட்டோகால் பரவியது. இந்த இரு உலகங்களும் ஒன்றோடொன்று பேச முடியாமல் இருந்த நிலையில், ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் 1990களின் தொடக்கத்தில் எஸ்எம்பி மொழியைப் பேசும் ஒரு இலவச சாப்ட்வேரை யூனிக்ஸ் கம்ப்யூட்டர்களுக்காக எழுதினார். எஸ், எம், பி ஆகிய மூன்று எழுத்துகளும் அதே வரிசையில் வரும் சொற்களை அகராதியில் தேடி, அதற்கு சாம்பா என்று பெயர் வைத்தார். இன்று லினக்ஸ் கம்ப்யூட்டர்கள் விண்டோஸுடன் பைல்களைப் பகிர்ந்துகொள்வது இதன் மூலம்தான். கடைகளில் விற்கப்படும் நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டிகள் பலவற்றின் உள்ளேயும் சாம்பாவே இயங்குகிறது. ஆப்பிள் நிறுவனமும் தன் மேக் கம்ப்யூட்டர்களில் தனி மொழியைப் பயன்படுத்தி வந்து, 2013ல் எஸ்எம்பிக்கு முதலிடம் தந்தது. எனவே இந்த ஒரு மொழியைப் புரிந்துகொண்டால் போதும். பெரும்பாலான இடங்களில் பயன்படும்.

டபுள் கிளிக் செய்தவுடன் நடப்பது என்ன?

எக்ஸ்ப்ளோரரின் முகவரிக் கட்டத்தில் \\கணக்கு\ஆர்டர் என்று டைப் செய்து என்டர் தட்டுகிறீர்கள் என வைத்துக்கொள்வோம். இங்கு கணக்கு என்பது கம்ப்யூட்டரின் பெயர். ஆர்டர் என்பது ஷேர் செய்யப்பட்ட போல்டரின் பெயர். அந்தக் கண நேரத்தில் கீழ்க்காணும் பேச்சு நடக்கிறது.

1. முகவரி தேடல்: கணக்கு என்ற பெயருடைய கம்ப்யூட்டர் எங்கே இருக்கிறது என்று உங்கள் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கில் விசாரிக்கிறது. 192.168.1.5 என்பது போல ஒரு எண் முகவரி கிடைக்கும்.

2. கதவைத் தட்டுதல்: அந்த முகவரியில் 445 என்ற எண்ணுள்ள போர்ட்டில் இணைப்பு கேட்கிறது. ஒரு கம்ப்யூட்டரில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வாசல் உண்டு. பைல் ஷேரிங் வேலைக்கான வாசல் 445. விண்டோஸ் 2000க்கு முன்பு 139 என்ற வாசல் பயன்பட்டது.

3. மொழி முடிவு செய்தல்: எஸ்எம்பியில் பல பதிப்புகள் உண்டு. உங்கள் கம்ப்யூட்டர் தனக்குத் தெரிந்தவற்றைப் பட்டியலிடும். இருவருக்கும் தெரிந்தவற்றில் மிகப் புதியதை சர்வர் தேர்ந்தெடுக்கும்.

4. யார் நீங்கள்: உங்கள் யூசர் நேம் சொல்லப்படுகிறது. பாஸ்வேர்ட் அப்படியே கேபிளில் பயணம் செய்வதில்லை. சிறிய அலுவலகங்களில் நடப்பது இதுதான். சர்வர் ஒரு எண்ணை அனுப்பி, இதனை உன் பாஸ்வேர்ட்டுடன் சேர்த்துக் கணக்கிட்டு விடையைச் சொல் என்கிறது. விடை சரியாக இருந்தால் நீங்கள் உள்ளே வரலாம்.

5. எந்த போல்டர்: ஆர்டர் என்ற ஷேர் வேண்டும் என்று கேட்கிறது. உங்களுக்கு அனுமதி உண்டா என்று சர்வர் பார்க்கிறது.

6. பைலைத் திறத்தல்: குறிப்பிட்ட பைலின் பெயரைச் சொல்லித் திறக்கச் சொல்கிறது. சர்வர் சம்மதித்தால் ஒரு டோக்கன் எண் தருகிறது. இனி அந்த பைலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்த எண்ணைச் சொன்னால் போதும்.

7. படித்தல், எழுதுதல்: இந்த இடத்தில் இருந்து இத்தனை பைட் தா என்று கேட்டு வாங்குகிறது. சேவ் செய்திடுகையில், இந்த இடத்தில் இதை எழுது என்று அனுப்புகிறது.

8. மூடுதல்: வேலை முடிந்ததும் டோக்கனைத் திருப்பித் தருகிறது.

இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொண்டால் ஒரு பெரிய நன்மை உண்டு. திரையில் வரும் பிழைச் செய்தியைப் பார்த்து, பேச்சு எந்த இடத்தில் நின்றது என்று சொல்லிவிடலாம். நெட்வொர்க் பாத் கிடைக்கவில்லை என்று வந்தால் கோளாறு முதல் இரண்டு படிகளில் இருக்கிறது. அந்தக் கம்ப்யூட்டர் ஆன் செய்யப்பட்டுள்ளதா, கேபிள் சரியாக உள்ளதா, பயர்வால் தடுக்கிறதா என்று பாருங்கள். பாஸ்வேர்ட் கேட்டுக்கொண்டே இருந்தால் நான்காவது படி. அனுமதி மறுக்கப்பட்டது என்றால் ஐந்தாவது அல்லது ஆறாவது படி. பைலை வேறொருவர் பயன்படுத்துகிறார் என்றால் ஆறாவது படி. இது தெரியாமல் பலர் பாஸ்வேர்ட் கோளாறுக்குக் கேபிளை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

இரண்டு கதவு, இரண்டு பூட்டு

விண்டோஸில் ஷேர் செய்யப்பட்ட போல்டருக்கு இரண்டு வகை அனுமதிகள் உண்டு. ஒன்று ஷேர் அனுமதி. இது வெளிக்கதவு; நெட்வொர்க் வழியாக வருபவர்களுக்கு மட்டும் பொருந்தும். இன்னொன்று டிஸ்க்கில் அந்த போல்டருக்குத் தரப்பட்டுள்ள என்டிஎப்எஸ் அனுமதி. இது உள்கதவு. யார் எந்த வழியில் வந்தாலும் இதைத் தாண்டியாக வேண்டும்.

இரண்டில் எது கண்டிப்பானதோ அதுவே செல்லுபடியாகும். ஷேரில் எழுதலாம் என்றும், என்டிஎப்எஸ்ஸில் படிக்க மட்டுமே என்றும் இருந்தால், நெட்வொர்க்கில் வருபவர் படிக்க மட்டுமே முடியும். எல்லா அனுமதியும் கொடுத்துவிட்டேன், ஆனாலும் சேவ் ஆகவில்லை என்று சொல்பவர்கள் பெரும்பாலும் ஒரு கதவை மட்டும் திறந்திருப்பார்கள்.

ஒரே பைலை இருவர் திறந்தால்?

இப்போது காணாமல் போன ஆர்டர்களுக்கு வருவோம். மேலே ஆறாவது படியில், பைலைத் திறக்கக் கேட்கும் புரோகிராம் இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும். ஒன்று, நான் படிக்கப் போகிறேனா, எழுதப் போகிறேனா என்பது. மற்றொன்று, நான் வைத்திருக்கும் நேரத்தில் மற்றவர்கள் என்ன செய்யலாம் என்பது. அடுத்து ஒருவர் அதே பைலைக் கேட்டால், முன்பு திறந்தவர் சொன்னதுடன் சர்வர் ஒப்பிட்டுப் பார்க்கும். முரண்பாடு இருந்தால் மறுத்துவிடும்.

எக்ஸெல் இதனை ஒழுங்காகப் பயன்படுத்துகிறது. ஒரு பைலைத் திறந்தால் மூடும் வரை டோக்கனைக் கையில் வைத்திருக்கும். நான் முடிக்கும் வரை வேறு யாரும் எழுதக் கூடாது என்று சர்வரிடம் சொல்லிவிடும். இரண்டாவது நபர் அதே பைலைத் திறந்தால், இன்னார் திருத்திக்கொண்டிருக்கிறார், நீங்கள் படிக்க மட்டும் திறக்கலாம் என்று செய்தி வரும். அந்தச் செய்தியைப் பார்த்துப் பலர் எரிச்சல் அடைகிறார்கள். உண்மையில் அது நம் வேலையைக் காப்பாற்றும் செய்தி.

நோட்பேட் அப்படி இல்லை. பைலைத் திறக்கும், முழுவதையும் படித்துத் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும், உடனே டோக்கனைத் திருப்பித் தந்துவிடும். திரையில் பைல் திறந்திருப்பது போல நமக்குத் தெரியும். சர்வரைப் பொறுத்தவரை அந்த பைலை யாரும் வைத்திருக்கவில்லை. சேவ் செய்திடுகையில் மீண்டும் திறந்து, தன்னிடம் உள்ளதை முழுவதுமாக எழுதிவிடும். நடுவில் வேறொருவர் எழுதியது என்ன ஆகும்? அதன் மேல் எழுதப்பட்டுவிடும். கடைசியாக சேவ் செய்தவரின் பைலே நிற்கும்.

அந்த அலுவலகத்தில் நடந்தது இதுதான். பழைய ஊழியர் பைலைத் திறப்பார். அப்போது அதில் 20 ஆர்டர்கள் உள்ளன என்று கொள்வோம். போனில் கேட்கும் பேப்பர் கையிருப்பில் உள்ளதா என்று பார்க்கக் குடோனுக்குப் போவார். அந்த அரை மணி நேரத்தில் புதிய பெண் அதே பைலைத் திறந்து, 21வது ஆர்டரை எழுதி, சேவ் செய்து, மூடிவிடுவார். குடோனில் இருந்து திரும்பியவர் தன் திரையில் உள்ள 20 ஆர்டர்களுக்குக் கீழே தன் ஆர்டரை எழுதி சேவ் செய்வார். பைலில் மீண்டும் 21 ஆர்டர்கள். ஆனால் அந்தப் பெண் எழுதியது அதில் இல்லை. எந்த எச்சரிக்கையும் வராது. குடோனுக்குப் போகாத நாட்களில் இருவருமே எழுதி உடனே மூடிவிடுவதால் எதுவும் தொலையாது. அதனால்தான் வாரத்தில் மூன்று மட்டும் தொலைந்தன.

எப்போதும் அவருடைய ஆர்டர்களே தொலைந்ததற்குக் காரணம் அவர் ஒழுங்காக வேலை செய்ததுதான். எழுதியவுடன் சேவ் செய்து மூடியதால், பழைய பிரதி எதுவும் அவர் திரையில் இல்லை. திறந்து வைத்துவிட்டுப் போனவரின் ஆர்டர்கள் எதுவும் தொலையவில்லை. அவர் மீதும் குற்றம் இல்லை. பல ஆண்டுகளாக அவர் ஒருவரே எழுதிய பைல் அது.

முதலாளியின் முன்னால் இரண்டு கம்ப்யூட்டர்களில் ஒரு சோதனை பைலைத் திறந்து, இதே வரிசையில் செய்து காட்டினேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அவர் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, "நீ சொன்னது சரிதாம்மா" என்றார். அன்று மாலையே ஆளுக்கொரு பைல் என்று பிரித்துவிட்டோம். நாள் முடிவில் இரண்டையும் சேர்த்து ஒரு பட்டியல். பலர் ஒரே நேரத்தில் எழுத வேண்டிய விவரங்களுக்கு, அதற்கென்றே உருவாக்கப்பட்ட டேட்டாபேஸ் அல்லது கணக்கு சாப்ட்வேர்தான் நிரந்தரத் தீர்வு.

ஏன் சில நேரம் மெதுவாக இருக்கிறது?

இதற்கும் பேச்சு முறையே விடை தருகிறது. 100 எம்பிபிஎஸ் நெட்வொர்க்கில் ஒரு நொடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட் செல்லலாம். ஒரு ஜிபி அளவுள்ள ஒரே பைலை அனுப்பக் குறைந்தது 80 நொடிகள் ஆகும்.

இப்போது 10,000 சின்னஞ்சிறு பைல்களை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் திற, படி, மூடு என்று தனித்தனியாகப் பேச வேண்டும். ஒரு பைலுக்கு நான்கு முறை கேட்டுப் பதில் பெற வேண்டும், ஒவ்வொரு முறையும் இரண்டு மில்லி செகண்ட் ஆகும் என்று வைத்துக்கொண்டால், காத்திருப்பதற்கு மட்டுமே 80 நொடிகள் போய்விடும். பைல்களின் மொத்த அளவு சில மெகாபைட்டாக இருந்தாலும் நேரம் குறையாது. எனவே நிறைய சிறிய பைல்களை அனுப்பும் முன் ஒரே ஸிப் பைலாக மாற்றிவிட்டால் வேகமாகச் சென்றுவிடும். முதல் எஸ்எம்பி பதிப்பில் இந்தப் பேச்சு மிக அதிகம். அதில் நூற்றுக்கும் மேற்பட்ட கட்டளைகள் இருந்தன. 2006ல் விண்டோஸ் விஸ்டாவுடன் வந்த எஸ்எம்பி 2, அவற்றை 19ஆகக் குறைத்தது.

காத்திருப்பைக் குறைக்க இன்னொரு வழியும் உண்டு. ஒரு பைலை நீங்கள் ஒருவர் மட்டுமே பயன்படுத்தினால், தற்போதைக்கு நீயே ஒரு பிரதியை வைத்துக்கொள் என்று சர்வர் உங்கள் கம்ப்யூட்டருக்கு அனுமதி தரும். வேறொருவர் அதே பைலைக் கேட்கும்போது, உன்னிடம் உள்ள மாற்றங்களை உடனே அனுப்பு என்று கேட்டு வாங்கிக்கொள்ளும். வேகத்திற்கு நல்ல ஏற்பாடு. ஆனால் மாற்றங்கள் போய்ச் சேரும் முன் மின்சாரம் நின்றாலோ, வைஃபை துண்டிக்கப்பட்டாலோ அவை இழக்கப்படலாம். ஆகவே முக்கியமான பைல்களை வைஃபை வலுவில்லாத இடத்தில் இருந்து நேரடியாகத் திருத்த வேண்டாம்.

அழித்தால் போனதுதான்

புதியவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இது. உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள பைலை அழித்தால் அது ரீசைக்கிள் பின்னுக்குச் செல்லும். நெட்வொர்க் போல்டரில் உள்ள பைலை அழித்தால் பொதுவாக அப்படிச் செல்லாது. உங்கள் ரீசைக்கிள் பின்னிலும் இருக்காது. சர்வரின் ரீசைக்கிள் பின்னிலும் இருக்காது. நீங்கள் அனுப்பியது அழித்துவிடு என்ற கட்டளை. சர்வர் அதை நிறைவேற்றிவிட்டது. நிரந்தரமாக அழிக்கவா என்று கேட்கும் கட்டத்தை நன்கு படித்த பின்னரே எஸ் என்பதில் கிளிக் செய்திடவும். ஷேர் செய்த போல்டருக்குத் தினமும் தனியாக ஒரு பேக்கப் எடுத்து வைப்பது இதனால்தான் மிக அவசியம்.

445வது வாசலில் வந்த திருடன்

2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற கெடுதல் புரோகிராம் உலகெங்கும் பரவியது. சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்திற்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டன. பைல்களைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தள்ளிவைக்கப்பட்டன.

அது பரவுவதற்கு யாரும் எதையும் கிளிக் செய்யத் தேவை இருக்கவில்லை. எஸ்எம்பியின் முதல் பதிப்பை விண்டோஸ் கையாண்ட விதத்தில் ஒரு ஓட்டை இருந்தது. 445 வாசலில் வந்து, குறிப்பிட்ட வகையில் தவறாக அமைக்கப்பட்ட செய்தியை அனுப்பினால், யூசர் நேம், பாஸ்வேர்ட் எதுவும் இல்லாமலேயே உள்ளே நுழைந்துவிடலாம். இதற்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதமாக அதைப் போடாதவர்களே மாட்டிக்கொண்டார்கள்.

இதன் பின்னர் 2017ன் இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பில் இருந்து, புதிதாக நிறுவும்போது எஸ்எம்பி 1 பொதுவாக இருப்பதில்லை. ஆனால் பழைய ஸ்கேனரோ பழைய ஸ்டோரேஜ் பெட்டியோ வேலை செய்யவில்லை என்றால், எஸ்எம்பி 1ஐ ஆன் செய்துவிடுங்கள் என்று சிலர் யோசனை சொல்வார்கள். தயவுசெய்து கேட்க வேண்டாம். ஒரு பழைய கருவிக்காக எல்லாக் கம்ப்யூட்டர்களின் வாசலையும் திறந்துவைப்பதற்குச் சமம் அது.

இன்னொன்றும் உண்டு. ஓட்டையே இல்லாவிட்டாலும், எழுதும் அனுமதி உள்ள ஒரு கம்ப்யூட்டரில் பைல்களைப் பூட்டும் வைரஸ் நுழைந்தால், அது ஷேர் செய்த பைல்களையும் பூட்டிவிடும். சர்வருக்கு வித்தியாசம் தெரியாது. அனுமதி உள்ளவர் எழுதச் சொல்கிறார் என்றே அது எடுத்துக்கொள்ளும்.

நீங்களே செய்து பாருங்கள்

விண்டோஸ் 11 கம்ப்யூட்டரில் ஒரு போல்டரைப் பாதுகாப்பாக ஷேர் செய்யும் வழியைப் பார்ப்போம். விண்டோஸ் 10க்கான மைக்ரோசாப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்துவிட்டது. ஹோம்குரூப் என்ற பழைய வசதியும் 2018ல் நீக்கப்பட்டுவிட்டது. பழைய குறிப்புகளைப் பார்த்து அதனைத் தேட வேண்டாம்.

1. செட்டிங்ஸ் சென்று நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் பிரிவில் உங்கள் இணைப்பைத் தேர்ந்தெடுத்து, அது பிரைவேட் நெட்வொர்க் என்று அமைக்கப்பட்டுள்ளதா எனப் பார்க்கவும். ரயில் நிலையம், ஓட்டல் போன்ற இடங்களில் இது பப்ளிக் என்றே இருக்க வேண்டும்.

2. அதே பிரிவில் அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ், அதன் உள்ளே அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ் செல்லவும். பிரைவேட் நெட்வொர்க்ஸ் என்பதன் கீழ் நெட்வொர்க் டிஸ்கவரி, பைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங் ஆகிய இரண்டையும் ஆன் செய்திடவும்.

3. ஷேர் செய்வதற்கென்றே புதிய போல்டர் ஒன்றை உருவாக்கவும். சி டிரைவ் முழுவதையும் ஒருபோதும் ஷேர் செய்யக் கூடாது.

4. போல்டரில் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் தேர்ந்தெடுத்து, ஷேரிங் டேபில் அட்வான்ஸ்டு ஷேரிங் கிளிக் செய்திடவும். ஷேர் திஸ் போல்டர் என்பதில் டிக் அடையாளம் ஏற்படுத்தவும்.

5. பெர்மிஷன்ஸ் கிளிக் செய்தால் எவ்ரிஒன் என்ற பெயர் இருக்கும். அதனை நீக்கிவிட்டு, தேவையானவர்களின் பெயரை மட்டும் சேர்க்கவும். பார்க்க வேண்டியவர்களுக்கு ரீட், திருத்த வேண்டியவர்களுக்கு சேஞ்ச். ஃபுல் கண்ட்ரோல் பொதுவாகத் தேவைப்படாது. இது வெளிக்கதவு. உள்கதவான என்டிஎப்எஸ் அனுமதியை செக்யூரிட்டி டேபில் காணலாம்.

6. இன்னொரு கம்ப்யூட்டரில் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, முகவரிக் கட்டத்தில் இரண்டு சாய்வுக்கோடுகளுடன் கம்ப்யூட்டர் பெயரையும் ஷேர் பெயரையும் டைப் செய்திடவும்.

இங்குப் பலர் தடுமாறுவது பாஸ்வேர்ட் கேட்கும் இடத்தில். கம்ப்யூட்டரைத் திறக்க நாம் பயன்படுத்தும் பின் எண் இங்குச் செல்லாது. அது அந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டும் உரியது. அந்த அக்கவுண்ட்டின் உண்மையான பாஸ்வேர்டைத் தர வேண்டும். பாஸ்வேர்டே வைக்காத அக்கவுண்ட் மூலம் நெட்வொர்க்கில் நுழையவும் விண்டோஸ் பொதுவாக அனுமதிப்பதில்லை. பாஸ்வேர்ட் இல்லாமல் விருந்தினராக அனுமதிக்கும் பழைய பெட்டிகளுடன் இணைவதையும் விண்டோஸ் 11 புரோவின் 24எச்2 பதிப்பு தடுத்துவிடுகிறது. ஆகவே பகிர்வதற்கென்று சர்வர் கம்ப்யூட்டரில் ஒரு தனி அக்கவுண்ட் உருவாக்கி, நல்ல பாஸ்வேர்ட் வைத்துவிடுங்கள்.

எஸ்எம்பி 1 உங்கள் கம்ப்யூட்டரில் உள்ளதா என்று பார்க்க, கண்ட்ரோல் பேனலில் டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப் என்பதைத் திறக்கவும். எஸ்எம்பி 1.0 என்று தொடங்கும் வரியில் டிக் அடையாளம் இருந்தால் எடுத்துவிடவும். உங்கள் ரவுட்டரில் 445 போர்ட்டை இன்டர்நெட் பக்கம் எக்காரணம் கொண்டும் திறந்துவிடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. சர்வராக உள்ள கம்ப்யூட்டரில் அட்மினிஸ்ட்ரேட்டராக நுழைந்து, விண்டோஸ் கீயுடன் எக்ஸ் அழுத்திக் கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட் திறந்து, ஷேர்டு போல்டர்ஸ் என்பதில் கிளிக் செய்திடவும். ஷேர்ஸ், செஷன்ஸ், ஓப்பன் பைல்ஸ் என்று மூன்று பிரிவுகள் இருக்கும். எவை பகிரப்பட்டுள்ளன, யார் உள்ளே வந்திருக்கிறார்கள், எந்த பைல் யாரிடம் இருக்கிறது என்று இவற்றில் தெரியும். இன்னொரு கம்ப்யூட்டரில் ஒரு எக்ஸெல் பைலைத் திறந்துவிட்டு இங்கு வந்து பாருங்கள், பட்டியலில் இருக்கும். அடுத்து ஒரு நோட்பேட் பைலைத் திறந்துவிட்டுப் பாருங்கள். திரையில் திறந்திருந்தும், பட்டியலில் அதைக் காண முடியாது. உங்கள் அலுவலகத்தில் ஏதேனும் ஒரு பைலில் எழுதியது மறைந்துவிட்டால், யாரையும் குற்றம் சொல்லும் முன் இந்தச் சோதனையை ஒருமுறை செய்து பாருங்கள்.